சுளகும் செப்பும்: ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தையோடு வீட்டில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு இப்போது இரண்டே முக்கால் வயது. திருநெல்வேலியில், ஒரே வாசலுக்குள் பல குடும்பங்கள் இருக்கிற ஒரு வளவு வீட்டில் நான், கணவர், மாமியார், மகள் என்று நான்கு பேர் இருக்கிறோம். அவள் பிறப்பதற்கு முன் நான்கு வருடம் ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்த்தேன். அதனால் வளவில் இருப்பவர்களும் கூடப் படித்த தோழிகளும் குழந்தை விஷயமாக என்னிடம் ஏதாவது கேட்டபடி இருப்பார்கள். ஒரே கேள்விக்குப் பலமுறை பதில் சொன்ன பிறகு, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

குழந்தைக்குத் தினமும் எவ்வளவு நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டும்? அட்டவணை ஏதாவது இருக்கிறதா?

அட்டவணை வேண்டாம். இந்த வயதில் 'படிக்கிற நேரம்', 'விளையாடுகிற நேரம்' என்று இரண்டு கிடையாது. காலையில் நான் அடுக்களைக்குள் நுழைந்தால் மகளும் பின்னாலேயே வருவாள். முன்பு பொம்மையைக் கொடுத்து வெளியே அனுப்புவேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். ஒருநாள் கறிவேப்பிலைக் கொத்தைக் கையில் கொடுத்து, "இலையை உருவிச் சட்டியில போடு" என்றேன். இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து உருவினாள். பாதி இலை தரையில்தான் விழுந்தது. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் அவள் விரல்கள் செய்த வேலையை எந்தப் பயிற்சிப் புத்தகமும் வாங்கித் தந்திருக்காது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சின்னப் பொருளைப் பிடிக்க வேண்டும், இழுக்க வேண்டும், விட வேண்டும். பின்னால் பென்சில் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான்.

அவள் விலகிப் போக வேண்டும் என்று நான் பொம்மை கொடுத்தேன். அவள் கேட்டது என் பக்கத்தில் ஓர் இடம். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

வீட்டு வேலையில் என்னென்ன கொடுக்கலாம்?

கத்தி, சூடு, கண்ணாடி, வாய்க்குள் போகிற சின்னப் பொருள் இல்லாத எதையும் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் நன்றாக நடந்தவற்றைச் சொல்கிறேன்.

கடையிலிருந்து வந்ததும் பல்லாரியையும் (பெரிய வெங்காயம்) சின்ன உள்ளியையும் (சின்ன வெங்காயம்) ஒரே சுளகில், அதாவது முறத்தில், கொட்டிவிடுவேன். பெரியது ஒரு கூடை, சின்னது ஒரு கூடை. ஒன்றரை வயதில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, மறுபடி வெளியே எடுத்து, மறுபடி போடுவாள். அதுவும் பாடம்தான். உள்ளே, வெளியே, நிறைந்தது, காலியானது எல்லாம் அதில் வந்துவிடுகிறது. இரண்டு வயதைத் தாண்டியதும் தானாகவே பிரிக்க ஆரம்பித்தாள். இப்போது நடுவாந்திரமாக ஓர் உள்ளி கையில் கிடைத்தால் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். அது பெரியதா சின்னதா என்று யோசிக்கிற அந்த நிமிடத்தில் நான் பதில் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

துணி மடிப்பது இன்னொன்று. கைக்குட்டையை இரண்டாக மடிக்கச் சொல்லலாம். "இது யார் சட்டை?" என்று கேட்டால் மோந்து பார்த்து "அப்பா" என்பாள். ஆச்சி சேலை, பாப்பா கவுன், அப்பா லுங்கி என்று குவியல் பிரிப்பதில் யாருடையது என்கிற எண்ணம் வருகிறது, கூடவே 'உடைய', 'ஓட' போன்ற ஒட்டுகள் பேச்சில் ஏறுகின்றன.

தண்ணீர்தான் எல்லாவற்றையும் விடப் பிடித்தது. முற்றத்தில் ஒரு தாம்பாளம், ஒரு சின்னச் சொம்பு, இரண்டு டம்ளர், ஒரு வடிகட்டி. வடிகட்டியில் தண்ணீர் நிற்காது என்பதை அவள் நம்ப மூன்று நாள் ஆனது. பக்கத்திலேயே ஒரு பழைய துணியையும் வைத்துவிடுங்கள். சிந்தியதைத் துடைப்பதும் அவளுக்கு விளையாட்டுதான், ஊற்றுவதைவிட அதில்தான் சில நாள் அதிக ஆர்வம்.

சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை, கீரை ஆயும்போது தண்டு ஒடிக்கிற வேலை, பத்தமடைப் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவது, செடிக்குத் தண்ணீர் விடுவது என்று நீட்டிக்கொண்டே போகலாம்.

ஒன்று மட்டும் உண்மை. குழந்தை சேர்ந்தால் வேலை முடிய இரண்டு மடங்கு நேரமாகும். எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற நாளில் இதையெல்லாம் செய்யாதீர்கள், உங்களுக்குக் கோபம்தான் வரும். அவசரமில்லாத வேலையாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

பொம்மை எவ்வளவு வாங்க வேண்டும்? விலை உயர்ந்த கல்விப் பொம்மைகள் அவசியமா?

அவசியமில்லை. பித்தானை அழுத்தினால் பாடி, விளக்கு எரிகிற பொம்மையில் வேலை செய்வது பொம்மைதான். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பத்து விதமாக வைத்து விளையாடக்கூடிய பொருள் நல்ல பொம்மை. இந்தக் கணக்கில் ஒரு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவே பல கடைப் பொம்மைகளை ஜெயித்துவிடும்.

எங்கள் பக்கத்தில் அம்பாசமுத்திரம் செப்புச் சாமான் உண்டு. மரத்தைக் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிச் செய்வார்கள். அடுப்பு, குடம், ஆட்டுக்கல், உலக்கை எல்லாம் விரல் அளவில் இருக்கும். மூன்று வயதுக்குக் கீழே கொடுப்பதானால் வாய்க்குள் போகாத பெரிய உருப்படிகளாகப் பார்த்துக் கொடுங்கள். என் மாமியார் தன் சின்ன வயதுச் செப்பை ஓர் ஓலைக் கொட்டானில் எடுத்து வைத்திருந்தார். அதில் பெரிய குடமும் அடுப்பும் மட்டும் இப்போது மகளிடம் வந்திருக்கின்றன, மற்றவை பரணில் காத்திருக்கின்றன. தினமும் ஆச்சிக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறாள். ஆச்சி குடித்துவிட்டு "சீனி பத்தலையே" என்பார். உடனே ஓடிப்போய்ச் சீனி கொண்டுவருவாள். இல்லாத சீனியை இருப்பதாக வைத்துக்கொள்வது இந்த வயதின் பெரிய சாதனை. ஒரு பொருள் இன்னொன்றுக்குப் பதிலாக நிற்கலாம் என்று புரிகிற குழந்தைதான், பின்னால் ஒரு கோடு எழுத்தாக நிற்கலாம் என்பதையும் புரிந்துகொள்ளும்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையில் சாயுந்தோறும் எழுந்து நிற்கிற வகையும் அருமையானது. அடிப்பாகம் வளைவாகவும் கனமாகவும் இருப்பதால் எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். நுங்குக் காலத்தில், தின்று முடித்த இரண்டு கூந்தலை (நுங்கு எடுத்த வெறும் காயை) குச்சியில் கோத்தால் வண்டி தயார். பனையோலைக் காத்தாடிக்கும் கிலுகிலுப்பைக்கும் செலவே கிடையாது.

வீட்டில் ஏற்கெனவே பொம்மை குவிந்துவிட்டதா? பாதியைப் பரணில் ஏற்றிவிட்டு இரண்டு வாரம் கழித்து மாற்றி இறக்குங்கள். புதிதாக வாங்கியது போலவே விளையாடுவார்கள்.

வாக்கர் வாங்கலாமா?

உட்கார வைத்து உருட்டுகிற சக்கர வாக்கர் வேண்டாம். குழந்தை அதில் கண்மூடித் திறப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடும். நடையும் அதனால் சீக்கிரம் வருவதில்லை. கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை. நம் மர நடைவண்டி வேறு. அதில் குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ளி, தானே சமநிலை பார்க்கிறது. எழுந்து நின்று பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய பிறகு, சமதரையில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள்.

எந்த மாதத்தில் எந்த விளையாட்டு சரி?

இந்தக் கேள்விக்கு நான் பிள்ளைத்தமிழைத்தான் கை காட்டுவேன். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் பத்துப் பருவங்களை மனப்பாடம் செய்தோம். குழந்தை பிறந்த பிறகு அதைத் திரும்ப யோசித்தபோதுதான், அதைப் பாடியவர்கள் குழந்தைகளை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது. 5ஆம் மாதம் செங்கீரை: கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடுவது. 9ஆம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து கைகொட்டுவது. 13ஆம் மாதம் வருகை: தளர்நடை நடந்து வா என்று அழைப்பது. 15ஆம் மாதம் அம்புலி: நிலாவைக் காட்டி விளையாட வா என்பது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் அதற்கப்புறம் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்று 21ஆம் மாதம் வரை போகும். நூலுக்கு நூல் வரிசை கொஞ்சம் மாறும். பெண்பாலில் கடைசி மூன்றும் வேறு: நீராடல், அம்மானை, ஊசல் என்று வரும்.

இதை இன்றைய குழந்தையோடு வைத்துப் பாருங்கள். பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதை ஒட்டித்தான் நடக்கிறார்கள். தூரத்தில் இருக்கிற ஒன்றை விரலால் சுட்டி, நம் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்ப்பது ஒன்றே கால் வயதில் நன்றாகப் படிந்துவிடுகிறது. நிலா காட்டுவது அதற்கு ஏற்ற விளையாட்டு. தட்டட்டியில் (மொட்டை மாடியில்) மாமியார் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு "நிலா எங்கட்டி?" என்று கேட்பார். அவள் கையை நீட்டுவாள். இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்க்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரிகிற அந்த இடத்தில்தான் சொல் ஒட்டிக்கொள்கிறது. வெறும் படத்தைக் காட்டி ஆயிரம் முறை 'மூன்' என்று சொல்வதைவிட அது ஆழமாகப் பதியும்.

அப்புறம் சிறுபறை. ஒன்றரை வயதில் குழந்தை கரண்டியால் சட்டியைத் தட்டும். காது வலித்தாலும் தட்ட விடுங்கள். வேகமாக, மெதுவாக, நிறுத்து என்று நீங்களும் சேர்ந்து தட்டினால் அது தாளப் பாடம். சிற்றிலில் சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைச் சிறுவன் காலால் அழிப்பான், "சிற்றில் சிதையேலே" என்று கெஞ்சுவார்கள். நீங்கள் அடுக்கிய டம்ளர் கோபுரத்தைக் குழந்தை தட்டிவிட்டுச் சிரித்தால் அது முரட்டுத்தனம் இல்லை. நான் செய்தால் விழுகிறது என்று கண்டுபிடித்த சந்தோஷம். பத்து முறை அடுக்கிக் கொடுங்கள், பதினோராவது முறை தானே அடுக்கும். சிறுதேர் இழுக்கிற வயதில் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்க முடிகிறது. செருப்பு டப்பாவில் கயிறு கட்டிக் கொடுத்தால் போதும். எங்கள் ஊரில் ஆனி மாதம் நெல்லையப்பர் தேரைப் பார்த்துவிட்டு வந்த வாரம் முழுக்க, மகள் அந்த டப்பாவை "ஏ ஏ" என்று கத்திக்கொண்டு இழுத்தாள்.

சாய்ந்தாடுவது, கைவீசுவது, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து எல்லாருக்கும் பங்கு கொடுத்துவிட்டு நண்டு ஊர வைப்பது இவை எல்லாவற்றிலும் ஓர் அமைப்பு இருக்கிறது. அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரியும், ஆனால் எப்போது வரும் என்று தெரியாது. அக்குளில் கை போவதற்கு முன் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். அந்தக் காத்திருப்பில் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒன்றரை வயதாகியும் சரியாகப் பேசவில்லை. பயப்பட வேண்டுமா?

எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் பேசுவதில்லை. ஆனால், "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று சொல்லி யாராவது தள்ளிப்போடச் சொன்னால் கேட்காதீர்கள். ஒன்றரை வயதில் அம்மா, அப்பா தவிர மூன்று சொல்லாவது சொல்ல முயல வேண்டும். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வயதில் 'அப்பா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல் சேர வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கண்ணைப் பார்க்காதது, முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்லாமல் விட்டுவிட்டது இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முதலில் காது சோதனை செய்யச் சொல்லுங்கள். ராஷ்ட்ரிய பால சுவஸ்திய கார்யக்ரம் என்ற திட்டம் 2013இல் வந்தது. அதன் கீழ் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் நிம்மதியாகத் திரும்பலாம். காத்திருந்து இழந்த மாதங்களைத் திரும்ப வாங்க முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு நாமே கொடுத்துவிடுகிறோம். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அது நீளமான நேரம். குழந்தைக்கு வாயில் சொல்லைச் சேர்க்க அவ்வளவு நேரம் வேண்டும்.

மம்மு, தாச்சி, உவ்வா என்று மழலையில் பேசலாமா?

தாராளமாக. ஒரே ஓசை இரண்டு முறை வருகிற சொற்களும் உதட்டில் பிறக்கிற ஒலிகளும் குழந்தைக்குச் சுலபம். நம் முன்னோர்கள் அதற்கென்றே ஒரு சின்ன அகராதி வைத்திருக்கிறார்கள். "மம்மு சாப்பிடலாமா? சோறு சாப்பிடலாமா?" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழந்தை தவறாகச் சொல்வதை நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டாம். அவள் "பயம்" என்றால் நான் "ஆமா, பழம், மஞ்சள் பழம்" என்பேன். "தப்பு, ழ சொல்லு" என்று திருத்துவதில்லை. ழ, ர, ற எல்லாம் மெதுவாக வருகிற ஒலிகள். பூனையும் ஆடும் நாயும் எல்லாமே 'மா' என்றால் அதுவும் பரவாயில்லை. நாலு கால் என்ற ஒற்றுமையைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம். இரண்டும் சேர்ந்தால் குழப்பமா?

குழப்பம் இல்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆனால் தனக்குச் சரளமில்லாத மொழியில் அம்மா பேசினால் பேச்சு குறைந்துவிடும். 'கம் ஹியர், சிட் டவுன், டோன்ட் டச்' என்று கட்டளைகள் மட்டும் மிஞ்சும். கொஞ்சுவது, கதை சொல்வது, கோபப்படுவது, சமாதானம் செய்வது எல்லாம் உங்களுக்கு எந்த மொழியில் வருகிறதோ அதிலேயே பேசுங்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பள்ளி நேர்காணலுக்காக வீட்டு மொழியை மாற்றுவது குழந்தைக்குச் செய்கிற அநியாயம்.

போன் காட்டாமல் சாப்பிட மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு இது: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டு வயதுக்கு மேல் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், அதைவிடக் குறைவாக இருந்தால் நல்லது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் நாள் முழுக்கச் சேர்த்து மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும், பகல் தூக்கத்தோடு சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. எண்ணிப் பார்த்தால், சாப்பாடு, குளியல் போக மீதி நேரம் கொஞ்சம்தான். போன் இவற்றில் ஒன்றிலிருந்துதான் திருட வேண்டியிருக்கும்.

போன் குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை. அது கேள்வி கேட்டுவிட்டு, குழந்தை பதில் சொன்னதா என்று பார்க்காமல் தானே 'வெரி குட்' சொல்லும். சென்னையில் இருக்கிற சித்தப்பாவோடு வீடியோ காலில் பேசுவது வேறு. அங்கே அவள் சிரித்தால் எதிரே ஒருவர் சிரிக்கிறார்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரப் போனை நிறுத்தியபோது நான்கு நாள் கஷ்டப்பட்டோம். முதல் இரண்டு நாள் சரியாகவே சாப்பிடவில்லை. மனம் பதறியது, ஆனாலும் போனை எடுக்கவில்லை. தரையில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தோம். தனித் தட்டில் கொஞ்சமாகச் சோறு வைத்து, கையால் அள்ள விட்டோம். ஐந்தாம் நாள் பசியெடுத்துச் சாப்பிட்டாள். முகம், முடி, பாய் எல்லாம் சோறு. எடை குறைந்தாலோ, உணவை விழுங்கவே சிரமப்பட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் குழந்தை அடுத்த வேளை ஈடுகட்டிக்கொள்ளும்.

என் குழந்தை பத்து வரை எண்ணுகிறது. அடுத்து என்ன கற்றுக்கொடுக்க?

ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொல்வது பாட்டுப் பாடுவது மாதிரி. எண்ணிக்கை தெரிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு சோதனை: தட்டில் நிறைய இட்லித் துண்டு வைத்து, "எனக்கு ரெண்டு கொடு" என்று கேளுங்கள். இரண்டு வயதுக் குழந்தை பெரும்பாலும் கைநிறைய அள்ளிக் கொடுக்கும். 'ஒன்று' என்பது முதலில் புரியும். 'இரண்டு' புரிய அதற்குப் பிறகு சில மாதங்கள் ஆகும். 'மூன்று' இன்னும் சில மாதங்கள் கழித்து. எண்ணி முடிக்கிற கடைசி எண்தான் மொத்தம் என்று பல குழந்தைகளுக்கு மூன்றரை, நான்கு வயதில்தான் விளங்கும்.

அதனால் நூறு வரை ஏற்ற வேண்டாம். இரண்டிலேயே தங்குங்கள். இரண்டு செருப்பு, இரண்டு கண், இரண்டு கைக்கு இரண்டு வளையல். ஆளுக்கு ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கள். நான்கு பேருக்கு மூன்று தட்டு வைத்துவிட்டு, "அப்பாவுக்கு இல்ல" என்று மகள் ஒருநாள் தானே எழுந்து இன்னொன்று எடுத்து வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அன்றைக்கு எந்த எண்ணையும் வாயால் சொல்லவில்லை.

எழுத எப்போது ஆரம்பிக்கலாம்?

மூன்று வயதுக்கு முன் எழுத்து வேண்டாம். கிறுக்கட்டும். விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து எழுத வைப்பது அழகான சடங்கு. அதை மறுநாள் முதல் நோட்டுப் போட்டுத் தொடர வேண்டியதில்லை. கோலப்பொடியை ஒரு தட்டில் பரப்பி விரலால் இழுக்க விடுங்கள், ஈரச் சுவரில் தூரிகையால் தண்ணீர் பூச விடுங்கள். வட்டம் போடவே பல குழந்தைகளுக்கு மூன்று வயதாகும்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது, புத்தகத்தைக் கிழிக்கிறது.

திரும்பச் சொல்லுங்கள். அடுத்த வரி தெரிந்திருப்பதுதான் அதற்கு இன்பம். வழக்கமான இடத்தில் நிறுத்தினால் குழந்தையே நிரப்பும். கிழிப்பதற்குப் பழைய செய்தித்தாளைத் தனியாகக் கொடுங்கள், கதைக்குத் தடித்த அட்டைப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் 'நானே' என்று அடம். கீழே விழுந்து புரள்கிறது.

செருப்பை நானே போடுவேன், கதவை நானே திறப்பேன். நான் மறந்து லிப்ட் பித்தானை அழுத்திவிட்டால் உலகமே இடிந்தது மாதிரி அழுகை. இந்த வயதில் ஆசை பெரியது, கை சின்னது, சொல் குறைவு. அழுகை அந்த இடைவெளியில் வருகிறது. அந்த நேரத்தில் புத்திமதி காதில் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்து, "நீயே அழுத்தணும்னு நெனச்ச, அம்மா அழுத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு இருங்கள். அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பயம் அழுகையை நிறுத்தும், அடக்கிக்கொள்ளக் கற்றுத்தராது.

முன்கூட்டியே தடுக்க இரண்டு வழிகள் உதவின. ஒன்று, சின்னத் தேர்வுகளை அவளிடம் விடுவது: மஞ்சள் சட்டையா, பச்சைச் சட்டையா? இன்னொன்று, முடிவதை முன்பே சொல்வது: "இன்னும் ரெண்டு ஊஞ்சல், அப்புறம் சோறு." சொன்னால் அந்த இரண்டோடு நிறுத்த வேண்டும். நாம் ஒருநாள் மாற்றிவிட்டால் அடுத்த நாள் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு பொம்மையைப் பகிரவில்லை என்றும் கேட்பார்கள். இரண்டு வயதில் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள். பகிர்வது இனிமேல் வரும்.

எதைக் கண்டிப்பாகத் தள்ளி வைக்க வேண்டும்?

இதைக் கவனமாகப் படியுங்கள். என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயதில், பருப்பு பிரிக்கட்டும் என்று ஒரு தட்டில் பொட்டுக்கடலை வைத்தேன். அடுப்பை அணைக்கத் திரும்பிய நேரத்தில் ஒன்றை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். மருத்துவர் எடுத்துவிட்டார், பெரிய ஆபத்தில்லை. அது மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அன்றிலிருந்து வாய்க்குள் நுழைகிற அளவுள்ள எதையும் விளையாடக் கொடுப்பதில்லை. அதனால்தான் உள்ளியும் நல்ல பெரிதாக இருக்க வேண்டும், நானும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பல்லாங்குழி நல்ல விளையாட்டுதான். ஆனால் புளியங்கொட்டையும் சோழியும் இந்த வயதுக்கு இல்லை. குன்றிமணி வீட்டிலேயே வேண்டாம். மென்று விழுங்கினால் கொடிய விஷம். முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.

ரிமோட்டிலும் பாடும் பொம்மையிலும் இருக்கிற வட்ட பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கிவிடும். சந்தேகம் வந்தாலே 108ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் தாம்பாளம், வாளி, அண்டா எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். தலை கனமான குழந்தை வாளிக்குள் குப்புற விழுந்தால் எழ முடியாது. சில அங்குலத் தண்ணீர் போதும்.

நான் வேலைக்குப் போகிறேன். இதற்கெல்லாம் நேரம் எங்கே?

இதைக் கேட்கிற அம்மாக்களின் குரலில் இருக்கிற குற்ற உணர்வு எனக்கு வருத்தமாக இருக்கும். புதிதாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. குளிக்க வைக்கிற நேரம் உண்டு, முதுகு, முழங்கால், கால் விரல் என்று பேசிக்கொண்டே சோப்புப் போடலாம். சாயங்காலம் வந்ததும் முதல் பதினைந்து நிமிடம் போனை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். என்ன விளையாடுவது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். அப்பாக்களுக்கும் இதே பதில். எங்கள் வீட்டில் படுக்கும் முன் துணி காயப்போடுவது கணவரும் மகளும் சேர்ந்து செய்கிற வேலை. கிளிப் எடுத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. அந்த நேரத்தில் நான் அங்கே போவதில்லை.

பகலில் பார்த்துக்கொள்கிற தாத்தா, ஆச்சிகளிடம் வளர்ச்சிப் பட்டியலை நீட்டாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த பாட்டும் வேலையுமே போதும்.

ப்ளே ஸ்கூலா, அங்கன்வாடியா?

இரண்டு வயதுக் குழந்தை எங்குமே போகாமல் வீட்டிலிருந்தாலும் குறையில்லை. அனுப்ப வேண்டிய சூழல் என்றால் பக்கத்து அங்கன்வாடியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் மையங்கள் அவை. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேல் இருக்கின்றன. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று விளையாட்டு வழிப் பாடத்திட்டமே வைத்திருக்கிறார்கள். எந்த இடமாக இருந்தாலும் நான் பார்ப்பது சிலவற்றைத்தான்: அழுகிற குழந்தையை யார் தூக்குகிறார்கள், வெளியில் ஓட இடம் இருக்கிறதா, கழிப்பறை எப்படி இருக்கிறது. இரண்டரை வயதுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிற இடமென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வெளியே கூட்டிப்போனால் ஓரடி வைக்க ஒரு மணி நேரம் ஆக்குகிறதே?

எங்கள் வளவிலிருந்து முக்குக் கடைக்குப் பெரியவர்கள் நடையில் மூன்று நிமிடம். மகளோடு முப்பது நிமிடம். எறும்பு வரிசைக்கு ஒரு நிறுத்தம், மாட்டுச் சாணத்துக்கு ஒன்று, பூக்கார அக்காவிடம் ஒன்று. வீட்டு வாசல்களில் கோலம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பாள். அந்த நடைக்கென்று நாளில் ஒரு வேளையை ஒதுக்கிவிட்டோம். அன்றைக்குக் கடையில் வாங்க வேண்டியது ஒரே ஒரு பொருளாக இருக்கும், அதை அவள்தான் கேட்டு வாங்குவாள். நேற்று தீப்பெட்டி. கடைக்காரர் அண்ணாச்சி கல்லாவுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா வேணும்?" என்றார். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள். அவரும் தராசை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. "பெட்டி," என்றாள்.